காதுக்குடும்பியும் கேட்டலும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், மருத்துவ, தாதியத் தொழில்களில் உள்ள ஒரே வகுப்புத் தோழிகள் சேர்ந்து ஆயத்தம் செய்து வாசித்த உரை)



கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் இதயம், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய் என்ற தலைப்புகளுக்கு நடுவே காதுக்குடும்பி என்று கண்டதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். நாங்களும் கவனித்தோம். இந்தத் தலைப்பை நாங்களே கேட்டு வாங்கினோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எமக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர் இன்று எண்பது வயதைத் தாண்டி ஊரில் தனியே வாழ்கிறார். அவருடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் இதைச் சொல்கிறோம். எங்கள் வகுப்பில் பலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து அவருக்குத் தொலைபேசி எடுப்பது எங்கள் வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய பதில்கள் மாறத் தொடங்கின. "ரீச்சர், சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டால் "இங்க மழை இல்லைப் பிள்ளை" என்பார். பெயரைச் சொன்னால் வேறொருவரின் பெயரைச் சொல்லிச் சுகம் விசாரிப்பார். பிறகு எல்லாவற்றுக்கும் "ஓமோம்" என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். ரீச்சருக்கு மறதி வந்துவிட்டது என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். மற்றவர்கள் கவலைப்பட்டோம். கவலைப்பட்டோமே தவிர, அழைப்பதைக் குறைத்துக்கொண்டோம். பேசிப் பயனில்லை என்ற நினைப்பு.

விடுமுறைக்கு ஊருக்குப் போன தோழி ஒருவர் அவரைப் பார்க்கச் சென்றார். எதிரே இருந்து, முகம் பார்த்துப் பேசியபோது ரீச்சர் ஒன்றையும் மறக்கவில்லை. எங்கள் வகுப்பில் யார் எந்த வாங்கில் இருந்தார்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. மேசையில் ஒரு கொட்டன் பட்ஸ் பெட்டி இருந்தது. "குளிச்சாப் பிறகு ஒவ்வொரு நாளும் காது துடைப்பன், நான் நல்ல துப்புரவு" என்றாராம். தோழி அவரை காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். வைத்தியர் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது இரண்டு காதுகளும் கருங்கபில நிறக் குடும்பியால் முற்றாக அடைபட்டிருந்தன. ஐந்து நாட்கள் சொட்டுமருந்து விட்டு, ஆறாம் நாள் நீரால் கழுவி எடுத்தார்கள். அந்தக் கதிரையில் இருந்தபடியே ரீச்சர் மேலே பார்த்து, "இந்த ஃபான் இவ்வளவு சத்தமோ?" என்று கேட்டாராம்.

மருத்துவமும் தாதியமும் படித்த நாங்களே காதைப் பார்க்க முன்னர் மூளையைச் சந்தேகித்தோம். ஆகவேதான் இந்தத் தலைப்பு.

குடும்பி என்றால் என்ன? நூல் வழக்கில் இதைக் குறும்பி என்பார்கள். நாம் குடும்பி என்கிறோம். பலரும் இதை ஊத்தை என்றே நினைக்கிறோம். அது ஊத்தை அல்ல. காதுத் துவாரத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்குத் தோலில் உள்ள சுரப்பிகளின் நெய்ப்பசையும், உதிரும் தோலும், சிறு மயிர்களும் சேர்ந்ததே அது. சற்று அமிலத் தன்மை கொண்டது. நீர் தோலில் ஊறாமல் காக்கிறது. தூசியையும் சிறு பூச்சிகளையும் பிடித்து நிறுத்துகிறது. கிருமி பெருகாமல் தடுக்க உதவுகிறது.

வளர்ந்தவரின் காதுத் துவாரம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமானது. நேராக இராமல் சற்று வளைந்து செல்வது. அதன் முடிவில் செவிப்பறை இருக்கிறது. அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பமே உடையது.

இங்கே ஓர் அதிசயம் உண்டு. நம் உடலின் மற்ற இடங்களில் தோல் வளர்ந்த இடத்திலேயே உதிர்கிறது. காதுக்குள் உள்ள தோல் அப்படியல்ல. அது செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி, நகம் வளர்வது போன்ற மெதுவான வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிறது. தன் மேல் படிந்த குடும்பியையும் சுமந்து வருகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவுகிறது. ஆகவே பெரும்பாலானோரின் காது தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது. வாசலுக்கு வந்ததைத் துவாயின் நுனியால் துடைத்துவிடுவதுதான் நமக்குரிய வேலை.

ஆனால் மனிதர் சும்மா இருப்பதில்லை. காது குடையும் கருவி மிகப் பழையது. பண்டைய ரோமரின் அலங்காரப் பொருட்களுடன் சிறு காதுக்கரண்டிகள் கிடைத்திருக்கின்றன. நம் மொழியிலேயே குறும்பிவாங்கி என்று அதற்கு ஒரு தனிச் சொல் இருக்கிறது. வட இந்திய நகரங்களின் தெருவோரங்களில் சிவப்புத் தலைப்பாகையில் ஊசியைச் செருகிக்கொண்டு காது சுத்தம் செய்பவர்கள் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். சீனாவின் செங்டு நகரத் தேநீர்க் கடைகளில் இது ஒரு தொழில். யப்பானில் மூங்கிலால் செய்த மெல்லிய காதுக்கரண்டி வீட்டுக்கு வீடு உண்டு. அதன் மறுமுனையில் பஞ்சுபோன்ற இறகுக் குஞ்சம் இருக்கும்.

யப்பானியருக்கு அது பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. குடும்பி இரு வகை: ஈரமானது, உலர்ந்தது. எந்த வகை என்பதை ஒரேயொரு மரபணுவில் உள்ள ஒரேயொரு மாற்றமே தீர்மானிக்கிறது என்று 2006 இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கிழக்காசியரில் பெரும்பாலானோருக்கு உலர்ந்த, செதிள்போன்ற குடும்பி. ஐரோப்பியருக்கும் ஆபிரிக்கருக்கும் பெரும்பாலும் ஈரமானது. தெற்காசியரான நம்மிடம் இரண்டும் காணப்படுகின்றன.

நம் வீடுகளில் தனியாகக் கருவி தேவைப்படவில்லை. கையில் அகப்பட்டதெல்லாம் கருவிதான். கொண்டை ஊசி, ஈர்க்கு, தீக்குச்சியின் மறுமுனை, பேனை மூடி, திறப்பு, கோழியிறகு. விடுதியில் தலை முழுகும் நாளில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையாக இருந்து ஒருவர் காதை ஒருவர் பார்த்ததை இங்குள்ள அக்காமார் மறந்திருக்க மாட்டார்கள். இறகு விட்டால் சிலருக்கு இருமல் வரும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். காதுத் துவாரத்தின் தோலுக்கு வருகின்ற ஒரு சிறு நரம்பு, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் செல்லும் பெரிய நரம்பின் கிளை என்பது பின்னர் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

பஞ்சுக்குச்சிக்கு ஏறத்தாழ நம் சங்கத்தின் வயது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ கேர்ஸ்ரென்சாங் என்பவர் 1923 இல் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். கைக்குழந்தைகளைத் துப்புரவு செய்வதற்காக வந்த பொருள் அது. இன்று அதன் பெட்டியிலேயே காதுத் துவாரத்துக்குள் விடவேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தை வாசிப்பவர் யார்?

பஞ்சுக்குச்சி என்ன செய்கிறது என்பதை எங்கள் தொழிலில் அன்றாடம் காண்கிறோம். நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்; அதைக் கண்டு நமக்குத் திருப்தி. மிகுதி உள்ளே தள்ளப்படுகிறது. தோல் வெளியே கொண்டுவருவதை நாம் ஒவ்வொரு நாளும் உள்ளே திருப்பி அனுப்புகிறோம். மாதக்கணக்கில் அது இறுகி ஒரு தக்கைபோல் ஆகிவிடும். மறுபுறம், நெய்ப்பசை போய்த் தோல் வரண்டு கடிக்கத் தொடங்கும். கடித்தால் மீண்டும் குச்சி. குச்சி விட்டால் மீண்டும் கடி. யாராவது முழங்கையில் தட்டிவிட்டால் செவிப்பறை கிழியும். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையான 21 ஆண்டுகளில் பஞ்சுக்குச்சியால் காதில் காயப்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த பிள்ளைகள் ஏறத்தாழ 263,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாளொன்றுக்கு 34 பிள்ளைகள் அளவில். அவர்களில் பெரும்பாலானோர் காது துப்புரவு செய்கையிலேயே காயப்பட்டவர்கள்.

இலங்கையில் 2021 மார்ச் 31 முதல் பிளாஸ்ரிக் தண்டுள்ள பஞ்சுக்குச்சிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அது சுற்றாடலைக் காப்பதற்கான தடை. கடதாசித் தண்டு கடலுக்கு நல்லது; காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது புதிதாக வந்திருப்பது நுனியில் கமரா பொருத்திய குறும்பிவாங்கி. கைத்தொலைபேசித் திரையில் காதின் உட்புறம் தெரியும். பேரப்பிள்ளைகள் அம்மம்மாமாருக்குப் பரிசாக வாங்கி அனுப்புகிறார்கள். பார்ப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை. ஆனால் திரையில் ஆழம் தெரியாது. இன்னும் எவ்வளவு தூரத்தில் செவிப்பறை என்று கை அறியாது. திரையில் வலப்பக்கம் போல் இருப்பது கைக்கு வேறு பக்கமாக இருக்கும். வைத்தியர் தலைவிளக்கோ நுணுக்குக்காட்டியோ வைத்து, கையை நோயாளியின் தலையில் ஊன்றிக்கொண்டு செய்யும் வேலை இது. அதைக் கண்ணாடி முன் நின்று நாமே செய்யலாம் என்ற துணிவை அந்தக் கமரா கொடுத்துவிடுகிறது. அதுதான் அதன் ஆபத்து.

காதுமெழுகுதிரி என்று ஒன்றும் விற்கிறார்கள். கூம்புபோன்ற திரியைக் காதில் வைத்து மறுமுனையில் கொளுத்துவது. வெப்பம் குடும்பியை உறிஞ்சி எடுக்கும் என்பார்கள். எரிந்தபின் அடியில் கபில நிறத்தில் ஒரு பொருளையும் காட்டுவார்கள். அதே திரியைக் காதில் வைக்காமல் எரித்தாலும் அதே பொருள் அடியில் இருக்கும். அது திரியின் மெழுகும் சாம்பலும். உறிஞ்சும் சக்தி எதுவும் உண்டாவதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தீக்காயமும், செவிப்பறையில் மெழுகு சொட்டியதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

அப்படியானால் அடைத்துக்கொண்ட காதை என்ன செய்வது? எல்லாக் காதும் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் என்றால் கிளினிக்குக்கு வேலை இராது. பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கும், வளர்ந்தவர்களில் இருபதில் ஒருவருக்கும், முதியோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கும் குடும்பி அளவுக்கு மீறிச் சேர்வதாக அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி கூறுகிறது. வயது போகப் போகக் குடும்பி வரண்டு இறுகும். துவாரம் இயல்பாகவே ஒடுக்கமானவர்கள், கேட்டல் கருவி அணிபவர்கள், எந்நேரமும் காதில் இயர்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கும் இது நேரலாம்.

முதற்படி இளக்குதல். பாமசியில் கிடைக்கும் சோடியம் இருகாபனேற்றுச் சொட்டுமருந்து அல்லது ஒலிவ் எண்ணெய். படுத்து, அடைத்த காதை மேலே வைத்து, இரண்டு மூன்று சொட்டுகள். சில நிமிடங்கள் அப்படியே கிடக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை, மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு. தொடக்கத்தில் குடும்பி ஊதிக் காது இன்னும் அடைத்ததுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். பலருக்கு இதுவே போதும். எண்ணெயைச் சூடாக்கி ஊற்ற வேண்டாம்; உள்ளி போட்டுக் காய்ச்சியும் ஊற்ற வேண்டாம். காதின் உள்தோல் வெந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, நீரால் கழுவுதல். இதைக் கிளினிக்கில் செய்வார்கள். காதுமடலை மேலும் பின்னும் இழுத்துத் துவாரத்தை நேராக்கி, நீரை நேரே செவிப்பறையில் அடிக்காமல் துவாரத்தின் மேற்சுவரை நோக்கிச் செலுத்துவார்கள். நீர் குடும்பியின் பின்னால் போய் அதை வெளியே தள்ளும். நீர் உடல் வெப்பத்தில், அதாவது 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சூடானாலும் தலை சுற்றும். இந்தச் சிறு விடயத்திலிருந்து ஒரு நோபல் பரிசே பிறந்தது. வியன்னாவில் காது கழுவிய றொபேட் பாரணி என்ற இளம் வைத்தியர், நோயாளிகள் ஏன் தலைசுற்றுகிறது என்கிறார்கள் என்று யோசித்தார். குளிர்ந்த நீருக்குக் கண்கள் ஒரு பக்கமாகவும் சூடான நீருக்கு மறுபக்கமாகவும் துடிப்பதைக் கண்டார். உட்செவியே நம் சமநிலையைக் காக்கிறது என்பதைப் பரிசோதிக்கும் முறை அதிலிருந்து வந்தது. 1914 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட வைத்தியருக்குக் கிடைத்த பரிசு அது.

மூன்றாவது, வைத்தியர் நுணுக்குக்காட்டியால் பார்த்தபடி நுண்ணிய குழாயால் உறிஞ்சி எடுப்பது, அல்லது மெல்லிய உலோகக் கருவியால் எடுப்பது. நீர் படக்கூடாத காதுகளுக்கு இதுவே ஏற்றது.

நீர் படக்கூடாத காதுகள் எவை? செவிப்பறையில் துவாரம் உள்ளவை, சத்திரசிகிச்சை செய்தவை, சீழ் வடிபவை. இதை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் எறிகணைகளும் குண்டுகளும் அருகில் வெடித்த நாட்களைக் கடந்து வந்தவர்கள். வெடியதிர்வு முதலில் தாக்கும் உறுப்புகளில் ஒன்று செவிப்பறை. அன்று உயிர் தப்பியதே பெரிது. காதை யார் பார்த்தார்கள்? கிழிந்த செவிப்பறை பலருக்குத் தானாகவே மூடியிருக்கும். சிலருக்குத் துவாரம் இன்னும் இருக்கும். அப்படிப்பட்ட காதில் எண்ணெயோ நீரோ விட்டால் நடுச்செவிக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். ஆகவே பக்கத்தில் வெடித்த அனுபவம் உள்ளவர்களும், சிறுவயதில் காது வடிந்தவர்களும், வீட்டில் ஒரு சொட்டும் விடமுன்னர் வைத்தியரிடம் காட்டுங்கள். காட்டும்போது அந்தப் பழைய கதையையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் காதில் ஏற்படும் ஒரு சிறு கீறல்கூட எலும்பு வரை பரவும் தொற்றாக மாறலாம். காது நோ இரவில் நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அதைக் குடும்பி என்று நீங்களே முடிவு கட்டவேண்டாம். உட்செவி நரம்பு பாதிக்கப்பட்டும் அப்படி நேரும். அதற்கு மருந்து உண்டு. ஆனால் முதல் நாட்களிலேயே தொடங்க வேண்டும். எண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மாதம் இருந்து வருபவர்களுக்கு எம்மால் அதிகம் செய்ய முடிவதில்லை.

பிள்ளைகள் காதுக்குள் பயறோ கடலையோ போட்டுவிட்டால் நீர் விடவேண்டாம், அது ஊதும். பொத்தான் பற்றரி என்றால் அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

இலங்கையில் அரச போதனா வைத்தியசாலைகளின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குகளில் இச்சேவை இலவசம். வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் உள்ளோர் நிலை வேறு. அங்கே பல குடும்ப வைத்தியர்கள் காது கழுவுவதை நிறுத்திவிட்டதால் மருந்தகங்களிலும் கண்ணாடிக் கடைகளிலும் காசு கொடுத்துச் செய்கிறார்கள். அப்படிச் செய்வதாயின் பயிற்சி பெற்றவரா, முதலில் காதைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறாரா என்று கேளுங்கள்.

இனி ரீச்சரிடம் திரும்புவோம். குடும்பி எடுத்தபின் அவருக்குக் கேட்டல் பரிசோதனை செய்தார்கள். முழுக் கேட்டலும் திரும்பவில்லை. வயதால் வந்த குறைபாடும் கொஞ்சம் இருந்தது. ஒரு காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அதற்கும் குடும்பி எதிரி. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். கொட்டன் பட்ஸ் பெட்டியை அவரே எங்கள் தோழியிடம் கொடுத்து, "கொண்டுபோ" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எடுத்தபோது அவர் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். பிறகு கேட்டார்: "ஏன் பிள்ளையள், கொஞ்ச நாளா ஒருத்தரும் எடுக்கேல்லை?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குக் கேக்கேல்லை எண்டு சொல்ல எனக்கும் வெக்கம். நீங்கள் இன்னொருக்காச் சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. பள்ளியில் பிழையான கணக்கைத் திருப்பித் தரும்போது பேசும் அதே குரல்.

அந்த ஒரு வசனத்துக்காகவே இந்த உரை. கேட்காதவர் வெட்கத்தால் "ஓமோம்" என்பார். கேட்பவர் அவசரத்தால் முடிவு கட்டுவார். கடைசி வாங்கில் இருந்து, கவனமில்லாதவள் என்று பெயர் வாங்கிய பிள்ளை ஒருத்தியும் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்திருப்பாள். அவளுடைய காதை அன்று யாராவது பார்த்தார்களா என்று இன்று எண்ணிப் பார்க்கிறோம். இங்கு ஆசிரியர்களாக இருக்கும் தங்கைமார் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகெங்கும் பரந்திருக்கும் நம் சகோதரிகளிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. உங்கள் காதுக்குள் எதையும் விடாதீர்கள். உங்கள் அம்மாவோ, மாமியோ, ரீச்சரோ தொலைபேசியில் பொருந்தாத பதில் சொன்னால், மறதி என்று சொல்ல முன்னர் ஒருமுறை காதைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை இன்னொருக்கால், ஆறுதலாக, உரக்கச் சொல்லுங்கள். அழைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.